குவார்ட்டர் டர்ன் குழாயும் எங்கள் உப்புத் தண்ணீரும்

என் நாத்தனார் செங்கல்பட்டில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். சமையலறை சிங்க்குக்கு எந்தக் குழாய் போடலாம் என்று அவர் கேட்ட நேரத்தில், எங்கள் வீட்டு ஸ்வான் நெக் குழாயைப் பிரித்துப் பழுது பார்த்துச் சில நாள்களே ஆகியிருந்தன. அதனால் தொலைபேசியில் நான் சொன்ன பதில் சற்றுச் சூடாகவே இருந்தது. அந்தச் சூடு இன்னும் முழுவதும் ஆறவில்லை. ஆனாலும் குழாய்க்குரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

எங்களுடையது சுவரிலிருந்து நீளும் அரை அங்குலக் குழாய். பித்தளை உடல், குரோம் பூச்சு, கால்வட்டம் திருப்பினால் முழுதாகத் திறக்கும் கைப்பிடி; இதைத்தான் குவார்ட்டர் டர்ன் என்கிறார்கள். பூச்சு இன்றுவரை எங்கும் உரியவில்லை. வளைந்த கழுத்து இரண்டு பக்கமும் தடையின்றித் திரும்புவதால் பெரிய இட்லிப் பானையையும் குக்கரையும் அடியில் வைத்துக் கழுவ முடிகிறது. கையெல்லாம் மாவோ மீன் செதிலோ ஒட்டியிருக்கும்போது புறங்கையால் தள்ளினாலே தண்ணீர் வரும். மறுபடி தள்ளினால் நின்றுவிடும். மூட்டுவலியால் விரல்களை மடக்க இயலாத என் மாமியார், பழைய திருகு குழாய் இருந்த காலத்தில் ஒரு சொம்புத் தண்ணீருக்கும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. இந்தக் குழாய் வந்த அன்றிலிருந்து அவர் யாரையும் எதிர்பார்க்கவில்லை. வாங்கும்போது இப்படி ஒரு பயன் கிடைக்கும் என்று நாங்கள் யாரும் நினைத்திருக்கவில்லை.

குறை கைப்பிடிக்கு அடியில் இருக்கிறது. பழைய பித்தளைக் குழாயில் ஸ்பிண்டில் என்ற தண்டைத் திருகத் திருக அதன் நுனியிலுள்ள ரப்பர் வாஷர் அமுங்கித் துளையை அடைக்கும். குவார்ட்டர் டர்ன் குழாயில் அந்த வேலையைச் செய்வது கார்ட்ரிட்ஜ் என்ற சிறிய உருளை. அதற்குள் வழவழப்பாகத் தேய்த்த இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்று அசையாது, மற்றது கைப்பிடியோடு சுழலும். இரண்டிலும் உள்ள துளைகள் நேருக்கு நேர் வந்தால் தண்ணீர் வரும், விலகினால் நிற்கும். வாஷரைப் போல நசுங்கித் தேயும் பொருள் அங்கே இல்லாததால், நல்ல தண்ணீர் ஓடும் வீட்டில் இது பல ஆண்டுகள் உழைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எங்கள் வீட்டில் ஓடுவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. எங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதற்குக் காய்ச்சிய பாத்திரத்தில் படியும் வெள்ளை ஏடே போதுமான சான்று. அந்த உப்பு வில்லைகளின் விளிம்பில் படிந்தது. முதலில் கைப்பிடி இறுகியது, பிறகு மூடிய குழாய் சொட்டத் தொடங்கியது. நொடிக்கு ஒரு துளி, துளிக்கு 0.05 மில்லிலிட்டர் என்று குறைவாகக் கணக்கிட்டாலும், ஒரு நாளுக்கு 86,400 துளி, அதாவது நான்கு லிட்டருக்கு மேல் வீணாகிறது. இரவில் எவர்சில்வர் சிங்க்கில் அந்தத் துளி விழும் ஓசை கூடம் வரை கேட்டது.

பிளம்பர் கைப்பிடியின் சிறு மூடியை நெம்பி, உள்ளே இருந்த திருகாணியைக் கழற்றி, ஸ்பேனரால் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தார். சுற்றிலும் வெள்ளையாகக் கெட்டித்த உப்பு. மேல் வில்லையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மணல் துகள் இழுத்த மெல்லிய கீறல். "தண்ணி செய்யுற வேலைம்மா இது, குழாயைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் புதிய கார்ட்ரிட்ஜ் கிடைத்திருந்தால் எனக்கும் இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஸ்பிண்டிலின் தலையில் வெட்டியிருக்கும் பல் ஒன்றில் 20, இன்னொன்றில் 24. உயரமும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. ஹார்டுவேர் கடையில் கொடுத்த உருப்படி குழாய்க்குள் சரியாக உட்கார்ந்தும் கைப்பிடி அதைப் பற்றாமல் வழுக்கியது. பெட்டியில் பத்தாண்டு உத்தரவாதம் என்று அச்சிட்டிருந்த நிறுவனத்தைக் கேட்டபோது, அந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது என்றும், உப்புப் படிவால் வரும் பழுது உத்தரவாதத்தில் சேராது என்றும் பதில் வந்தது. ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் வீடுகள் நிறைந்த ஊரில் விற்கும் பொருளுக்கு இப்படியொரு விதிவிலக்கு எந்த வகையில் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. பழைய குழாய்க்குரிய வாஷர் எந்த மூலைக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். வீட்டில் யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

முடிவில் பழைய கார்ட்ரிட்ஜையே காப்பாற்ற வேண்டியதாயிற்று. குழாயை முழுவதும் கழற்றி, சுவரில் குழாய் திருகியிருந்த மறையில் தற்காலிகமாக ஒரு பிளக் போட்டார் பிளம்பர். அந்த இடத்தில் பைப் ரெஞ்சை அவர் மிகவும் பதமாகவே பிடித்தார். டைல்ஸுக்குப் பின்னால் இருப்பது சி.பி.வி.சி. எல்போ என்ற பிளாஸ்டிக் வளைவு, முரட்டுத்தனமாகத் திருகி அது விரிந்துவிட்டால் சுவரையே உடைக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் இரவெல்லாம் வினிகரில் ஊறியது. மறுநாள் மெல்லிய துணியால் துடைத்து, வில்லைகளுக்கிடையே சிலிக்கோன் கிரீஸை மிகக் கொஞ்சமாகத் தடவி, அடியில் கல்லாகிப் போயிருந்த ரப்பர் வளையத்தை மாற்றி, டெஃப்ளான் டேப் சுற்றிப் பொருத்தினார். இப்போது சொட்டவில்லை. கீறல் இருப்பதால் மீண்டும் சொட்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டுப் போனார்.

குழாய் நுனியிலுள்ள ஏரேட்டர் வலையும் அடைத்துக்கொள்கிறது. அதைக் கையால் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் போட்டால் சரியாகிவிடும் என்பதால் அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை.

ஆகவே நாத்தனாருக்கு என் பதில் இதுதான்: சமையலறைக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் வரப்போகிறது என்றால் குவார்ட்டர் டர்ன் வேண்டாம், வாஷர் போட்ட பித்தளைக் குழாயே போதும். இதைக் கேட்டதும் என் மாமியார், "அவளுக்கும் வயசாகும், இதையே போடச் சொல்லு" என்றார். அவர் சொல்வதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. இருந்தாலும் உதிரிப்பாகம் கடையில் கிடைக்காத பொருளை இன்னொரு வீட்டுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

எந்தக் குழாயை வாங்கினாலும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே சமையலறைக்குத் தனியாக ஒரு பால் வால்வ் (துளையிட்ட பந்து சுழன்று தண்ணீரை அடைக்கும் வால்வ்) வைக்கச் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் சிங்க் குழாயைத் தொட வேண்டுமானால் மொட்டைமாடியிலுள்ள கேட் வால்வை (திருகத் திருகத் தகடு இறங்கி அடைக்கும் வால்வை) மூடி, குளியலறை முதல் தோட்டம் வரை தண்ணீரை நிறுத்தியாக வேண்டும். அந்த வால்வும் உப்பேறி முழுதாக மூடாமல் போனதால், பிளம்பர் வேலை செய்த நேரம் முழுவதும் சுவர் மறையிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. பால் வால்வ் என்றால் கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினால் போதும். மாதம் ஒருமுறை திறந்து மூடி வந்தால் இறுகாது. கேட் வால்வ் மலிவு என்று மேஸ்திரி சொன்னால் அதற்கு இணங்க வேண்டாம்.