கடலூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச சட்ட உதவி: அக்காள் பிள்ளைகளுக்குக் காப்பாளரான அனுபவம்

என் அக்காள் சென்ற ஆண்டு புற்றுநோயால் காலமானார். அத்தான் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார். 13 வயதுப் பெண்ணும் 8 வயதுப் பையனும் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சித்தி வளர்ப்பதற்கு நீதிமன்றம் எதற்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அக்காளின் வைப்புத்தொகையைப் பிள்ளைகளுக்காகக் கேட்கப் போன ஒரு வங்கிக் கிளையில், வாரிசுச் சான்றிதழை வெவ்வேறு நாட்களில் மூன்று முறை வாங்கிப் பார்த்துவிட்டு, நான்காவது முறைதான் நீதிமன்றம் நியமித்த காப்பாளர் வந்தால் தருவோம் என்றார்கள். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு மூன்று அரைநாள் விடுப்பு மிச்சமாகியிருக்கும்.

அதன் பிறகு பத்திரம் எழுதுபவர் ஒருவரின் யோசனைப்படி, பிள்ளைகளின் ஆயா, அதாவது அத்தானின் தாய், என்னிடம் அவர்களை ஒப்படைப்பதாக முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையொப்பம் வாங்கினோம். அந்தத் தாள் எங்குமே செல்லுபடியாகவில்லை. இந்து இளவர் மற்றும் காப்பாண்மைச் சட்டம், 1956 இயற்கைக் காப்பாளராக ஏற்பது தந்தையையும் தாயையும்தான். இருவரும் இல்லாதபோது எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் தானாகவே சட்டப்படியான காப்பாளர் ஆகிவிட முடியாது. உறவினர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் நீதிமன்ற உத்தரவுக்கு ஈடாகவும் ஆகாது. இதற்கென இருப்பது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம். அதன்படி மனுப்போட ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் விசாரித்தபோது 40,000 ரூபாய் கேட்டார்கள். பண்ருட்டிப் பக்கம் இருக்கும் முந்திரித் தோப்பு எவ்வளவு விலை போகும் என்பதையும் அதே மூச்சில் கேட்டார்கள். பிள்ளைகளின் பெயரை யாரும் கேட்கவில்லை.

உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். சம்பளம் வாங்கும் எனக்கு இலவச உதவி எப்படிக் கிடைக்கும் என்ற தயக்கம் இருந்தது. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு எதையும் வைக்கவில்லை என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். நம் ஊரில் படித்த பெண்களுக்கே இது தெரிந்திருக்கவில்லை என்பது என்னை வருத்துகிறது. விண்ணப்பத்தில் வழக்கின் விவரத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். சில நாட்களில் குழு வழக்கறிஞர் ஒருவரை ஒதுக்கினார்கள். வழக்கறிஞர் கட்டணமோ நீதிமன்றக் கட்டணமோ கடைசிவரை எங்களிடம் கேட்கப்படவில்லை. நகல்கள், நோட்டரி, பேருந்து, வாய்தா நாட்களில் எடுத்த விடுப்பு ஆகியவை மட்டுமே எங்கள் செலவு.

எங்களுக்கு ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் அம்மையார் முதல் சந்திப்பிலேயே பிள்ளைகள் இருவரையும் அழைத்து வரச் சொன்னார். பெரியவள் அதுவரை யாரிடமும் கேட்காத கேள்வியை அவரிடம்தான் கேட்டாள். இந்த மனு முடிந்தால் தன் பெயருக்கு முன்னால் இருக்கும் அப்பாவின் தலைப்பெழுத்து மாறிவிடுமா என்பதே அந்தக் கேள்வி. எத்தனை நாளாக அதை மனத்தில் வைத்திருந்தாளோ தெரியவில்லை. இது தத்தெடுப்பு அன்று, சித்தி உன்னைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பேற்கிறார், அவ்வளவுதான், உன் அப்பா அம்மா உன் அப்பா அம்மாவாகவே இருப்பார்கள், அவர்கள் வைத்துவிட்டுப் போனவையும் உங்களுடையவையே என்று அவர் நிதானமாக விளக்கினார். இந்த ஒரு விளக்கத்துக்காகவே இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன்.

சொத்து விவரத்திலும் அவருடைய கவனம் எங்களைக் காப்பாற்றியது. தோப்பு முழுவதும் பிள்ளைகளுக்கே என்று நாங்கள் எழுதி வைத்திருந்தோம். அது அத்தான் தாமே வாங்கிய நிலம், உயிலும் இல்லை. ஆகவே அவர் இறந்தபோது தாய், மனைவி, இரு பிள்ளைகள் என நால்வருக்கும் சம பங்கு உண்டு, அக்காளின் பங்கு பின்னர் பிள்ளைகளுக்கு வந்தது, இப்போது ஆயாவுக்கு நான்கில் ஒரு பங்கு நிற்கிறது என்று அவர் திருத்தினார். அந்தத் திருத்தம் இல்லாமல் மனு போயிருந்தால், பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சும் ஆயாவையே நாங்கள் எதிர்த்தரப்பாக்கியிருப்போம். பிள்ளையின் பராமரிப்பு மட்டும் என்றால் குடும்பநல நீதிமன்றம் விசாரிக்கும். சொத்தும் சேர்ந்திருந்ததால் எங்கள் மனு மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கலானது.

மனுவோடு, காப்பாளராக இருக்கச் சம்மதம் என்று நான் எழுதிய உறுதிமொழியை இரண்டு சாட்சிகளின் கையொப்பத்துடன் இணைக்க வேண்டியிருந்தது. நெருங்கிய உறவினர்களுக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது. நெய்வேலியில் இருக்கும் பிள்ளைகளின் பெரியப்பா நேரில் வந்து ஆட்சேபணை இல்லை என்றார். விசாரணை நாளன்று நீதிபதி பெரியவளைத் தம் அறைக்கு அழைத்துப் பேசினார். தெளிவாக விருப்பம் சொல்லக்கூடிய வயது வந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்று அந்த 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. உள்ளே என்ன பேசினாள் என்று நாங்கள் கேட்கவில்லை. வெளியே வந்தவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தாக்கல் செய்த நாளிலிருந்து உத்தரவு வர எட்டு மாதங்கள் ஆயின. பிள்ளைகளின் நலன் சம்பந்தப்பட்ட மனுவில் அறிவிப்பும் விசாரணையும் அவசியம் என்பது புரிகிறது. இருந்தாலும் பள்ளிக் கட்டணம் அதுவரை காத்திருக்காது. இந்த இடைவெளிக்கு என்ன வழி என்று கேட்டபோது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகச் சொல்லி வழக்கறிஞரே அனுப்பினார். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் தரும் தமிழக அரசின் அன்புக்கரங்கள் திட்டமும், மாதம் 4,000 ரூபாய் தரும் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்ட நிதி ஆதரவும் இருக்கின்றன என்பதை அப்போதுதான் அறிந்தேன். இவற்றைப் பற்றி விசாரிக்க உத்தரவு கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

உத்தரவு வந்தபின் என்ன செய்யக்கூடாது என்பதைத்தான் வழக்கறிஞர் அதிக நேரம் சொன்னார். தோப்பில் பிள்ளைகளின் பங்கை விற்று அவர்களின் படிப்புக்கு வைப்புநிதியாகப் போடலாம் என்று என் கணவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். விற்கவோ அடமானம் வைக்கவோ அதே 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும், அதற்குத் தனி மனு போட வேண்டும் என்றார் வழக்கறிஞர். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் அனுமதி தேவை. ஆகவே இப்போது ஆயாவின் சம்மதத்தோடு ஆண்டுக் குத்தகைக்குத்தான் விட்டிருக்கிறோம். அவர் பங்கைக் கொடுத்தபின் மீதி பிள்ளைகளின் கணக்கில் சேர்கிறது. நீதிமன்றம் கேட்கும்போது கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு ரசீதையும் ஒரு நோட்டில் ஒட்டி வைக்கச் சொன்னார் வழக்கறிஞர். அந்த நோட்டைப் பெரியவளும் எடுத்துப் பார்ப்பாள். அவளிடம் நான் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கும் நிம்மதியாக இருக்கிறது.

போகிறவர்கள் பெற்றோர் இருவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்று, வங்கி மற்றும் காப்பீட்டு ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களோடு அசல்களையும் கொண்டு செல்லுங்கள். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற தேசிய சட்ட உதவி எண்ணில் பேசலாம். உத்தரவின் சான்றிட்ட நகலை ஒன்றோடு நிறுத்திவிடாமல் குறைந்தது நான்கு நகல்களாவது விண்ணப்பித்து வாங்குங்கள். வங்கியில் ஒன்று, காப்பீட்டு அலுவலகத்தில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று எங்களிடம் இருந்தவை முதல் மாதத்திலேயே தீர்ந்துவிட்டன.