பழைய கார் பாகமும் வெளிநாட்டு வாடிக்கையாளரும்: பணத்தை எந்த வழியில் வாங்குவது?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் என் தந்தையார் நடத்திவந்த உதிரிபாகக் கடையை மூடியபோது, விற்காமல் தேங்கிய சரக்கும், பழைய வண்டிகளை வாங்கிக் கழற்றிப் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த பாகங்களும் எங்கள் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் பெரும்பகுதி ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசடர் ஆகிய இரண்டு கார்களுக்கு உரியவை. உள்ளூரில் இவற்றைக் கேட்டு வருவோர் அருகிவிட்டனர். பழைய பாகங்களின் சந்தையான புதுப்பேட்டைக்குக் கொண்டுபோனால் இரும்பு விலைக்குச் சற்று மேலே கிடைக்கும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் நிலைமை வேறு. சென்னையில் 1961 முதல் தயாரான ஹெரால்டு, அந்நாட்டு டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். அம்பாசடரோ மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழிவந்து 2014 வரை உற்பத்தியில் இருந்தது. எனவே அங்கே தாத்தா காலத்து வண்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு நம் மாடியில் கிடக்கும் ஒரு பாகம் அப்படியே பொருந்தக்கூடும்.

கடந்த நான்கு ஆண்டுகளில் இப்படி இருபதுக்கும் சற்று மேற்பட்ட பொதிகளை அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை ஏமாந்தேன், இரண்டு முறை ஏமாறும் விளிம்பு வரை சென்று திரும்பினேன். பணத்தை வாங்கும் வழிகளுக்குள் எது பாதுகாப்பானது என்பதை நான் ஒப்பிட நேர்ந்தது இதனால்தான். ஈபே போன்ற சந்தைத் தளம், பேபால் போன்ற இணையப் பணச்சேவை, வங்கியிலிருந்து வங்கிக்கு வரும் ஸ்விஃப்ட் பணமாற்றம் என மூன்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, இப்போது பெரும்பாலும் மூன்றாவதிலேயே நிற்கிறேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

ஒப்பீட்டுக்கே தகுதியற்றவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். வெளிநாட்டு வங்கிக் காசோலையை அனுப்புகிறேன் என்பவரோடு பேச்சைத் தொடர வேண்டாம். காசோலை போலி என்று தெரியவரப் பல வாரங்கள் ஆகும், அதற்குள் பொருள் கடல் கடந்திருக்கும். வெஸ்டர்ன் யூனியன் வழியாக அனுப்புவதாகச் சொன்னாலும் மறுத்துவிட வேண்டும்; அவ்வழியில் இந்தியாவுக்கு வரும் பணம் குடும்பச் செலவு போன்ற தனிநபர் தேவைகளுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டது, வணிகத்துக்கு உரியதன்று. க்யூஆர் குறியீட்டை அனுப்பி, ஸ்கேன் செய்து இரகசிய 'பின்' எண்ணைப் போட்டால் பணம் வரும் என்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. யுபிஐ-யில் பணம் வாங்குவதற்கு அந்த எண் தேவையே இல்லை.

ஈபே பற்றியும் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனெனில் நான் அதில் விற்றவை ஐந்தே பொருள்கள். வாடிக்கையாளர் தாமாகத் தேடி வருவது அதன் பெரிய நன்மை. தரகும் மற்றக் கட்டணங்களும் அதற்குரிய விலை. பொருள் கைக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாள்களுக்குள் வாங்கியவர் முறையிடலாம் என்னும் விதி, பிற வழிகளோடு ஒப்பிட விற்பவருக்கு ஓரளவு ஆறுதலானது. ஆனால் அவர் கடன் அட்டையில் பணம் கட்டியிருந்தால், அட்டை வழங்கிய வங்கியிடம் தனியாக முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக் வழி அதன் பிறகும் திறந்தே இருக்கும். அதற்குப் பொதுவாக 120 நாள்கள் வரை அவகாசம் உண்டு.

இங்கேதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற கேள்வி வருகிறது. கட்டணம், வேகம், நாணய மாற்று விகிதம் என மற்ற எந்த வேறுபாடும் விற்பனைத் தொகையில் சில விழுக்காட்டோடு முடிந்துவிடும். என் கணக்கில் ஏறிய பணத்தை, என் சம்மதம் இல்லாமல், எத்தனை நாள்கள் வரை ஒருவர் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்பது மட்டுமே பொருளையும் பணத்தையும் சேர்த்து இழக்கச் செய்யக்கூடியது. புதிய பொருளை விற்பவருக்குக்கூட இது அவ்வளவு முக்கியம் இல்லாமல் இருக்கலாம். அவருடைய பொருளுக்குப் பெட்டியும் முத்திரையும் உத்தரவாதச் சீட்டும் உண்டு. பழைய பாகத்தின் நிலையோ பார்ப்பவர் கருத்தைப் பொறுத்தது. ஒருவர் 'நல்ல நிலை' என்பதை இன்னொருவர் 'தேய்மானம்' என்பார். தவறாகப் பொருத்தித் தாமே உடைத்துவிட்டு, வரும்போதே உடைந்திருந்தது என்றும் சொல்லலாம். முறையீட்டுக்கான காலம் நீள நீள, இந்த வாதங்களுக்கான வாய்ப்பும் நீளும்.

பேபாலில் அந்தக் காலம், பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள். விற்பவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பதைப் படித்துப் பார்ப்பவர் குறைவு. பொருள் வந்து சேரவில்லை என்றோ, தம் கணக்கிலிருந்து வேறு யாரோ பணம் கட்டிவிட்டார் என்றோ வாங்கியவர் முறையிட்டால், பரிவர்த்தனைப் பக்கத்தில் காட்டிய முகவரிக்கே அனுப்பியதற்கான டிராக்கிங் சான்று நம்மைக் காக்கும். தொகை 750 டாலரோ அதற்கு மேலோ இருந்தால், பெற்றுக்கொண்டவரின் கையொப்பமும் வேண்டும். விவரித்தபடி பொருள் இல்லை என்று அவர் முறையிட்டால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. பழைய பாகம் விற்பவருக்கு எதிராக எழக்கூடிய முறையீடு பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான்.

நான் ஏமாந்ததும் இந்த வகையில்தான். ஐரோப்பாவில் வசிக்கும் ஒருவருக்கு ஹெரால்டின் சோலெக்ஸ் கார்புரேட்டர் ஒன்றை விற்று, இணையப் பணச்சேவை ஒன்றின் வழியாகப் பணத்தையும் பெற்றேன். பெட்ரோல் வாடை இருந்தால் கூரியரில் ஏற்க மாட்டார்கள் என்பதால் அதைக் கழற்றிக் கழுவி, உலர்த்தி, இரண்டு நாள் செலவிட்டு அனுப்பினேன். மூன்று மாதங்கள் கழித்து, உடற்பகுதியில் விரிசல் இருப்பதாக முறையீடு வந்தது. திருப்பி அனுப்புங்கள் என்றேன். திரும்பி வந்தது விரிசல் விட்ட கார்புரேட்டர்தான், ஆனால் அது நான் அனுப்பியது அன்று. திராட்டில் தண்டு ஆடிக்கொண்டிருந்த, யாரோ எப்போதோ ஓட்டிக் களைத்த வேறொன்று. என்னுடையதற்கு நான் எந்த அடையாளமும் இட்டிருக்கவில்லை, பாகத்தை வார்க்கும்போதே அதில் பதியும் வார்ப்பு எண்ணைப் படம் எடுக்கவும் இல்லை. ஆகவே என் சொல்லுக்கு எதிராக அவர் சொல் என்ற நிலையில், விதிப்படி பணம் அவரிடமே போயிற்று. சேவையைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அது வாங்குபவரைக் காப்பதற்காக அமைக்கப்பட்டது, அதைத்தான் செய்தது.

இதற்கு நேர்மாறாக, வங்கி வழியாக வரும் ஸ்விஃப்ட் பணம் நம் கணக்கில் வரவு வைக்கப்பட்ட பிறகு, அனுப்பியவர் மனம் மாறியதால் மட்டும் திரும்பிவிடாது. அவருடைய வங்கி திரும்பக் கேட்டு ஒரு கோரிக்கை அனுப்பலாம். நம் வங்கி நம்மைக் கேட்காமல் அதற்கு இணங்குவது வழக்கம் இல்லை. பணம் வந்ததும் எதற்கான தொகை என்று வங்கி கேட்கும். ஏற்றுமதிக்கான முன்பணம் என்றால் பி0103 என்னும் நோக்கக் குறியீட்டைக் குறிப்பிட வேண்டும். அதற்கு உரிய நடப்புக் கணக்கும், ஏற்றுமதி, இறக்குமதி செய்வோருக்கு வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் வழங்கும் ஐ.இ.சி எண்ணும் இருந்தால் வேலை எளிது. ஒரு பொதிதானே, பரிசுப்பொருள் என்று மதிப்பைக் குறைத்து எழுதி அனுப்பிவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. பின்னால் தகராறு வந்தால், பொருளின் மதிப்பைத் தாமே குறைத்து எழுதிய தாள்தான் அவர்களுக்கு எதிரான முதல் சான்றாகும்.

இந்த வழியிலும் பொறிகள் உண்டு. பணம் அனுப்பப்பட்டதைக் காட்டும், எம்டி103 எனப்படும் ஸ்விஃப்ட் செய்தியின் நகலை அனுப்பி, பணம் வந்துகொண்டிருக்கிறது, பொருளை அனுப்பிவிடுங்கள் என்று அவசரப்படுத்துவது மிகப் பழைய தந்திரம். அந்த நகலை யார் வேண்டுமானாலும் கணினியில் வரைந்துவிடலாம். முதன்முறை அப்படி ஒரு தாளோடு நான் வங்கிக்குப் போனபோது, அங்கிருந்த அதிகாரி அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "சார், பேப்பரைப் பார்க்காதீங்க, பாஸ்புக்கைப் பாருங்க" என்றார். இரண்டு முறை விளிம்பில் திரும்பினேன் என்றேனே, அவற்றுள் ஒன்று இது. மற்றொன்றில், அம்பாசடர் டைனமோ ஒன்றுக்குக் கேட்ட விலையை விடக் கூடுதலாக அனுப்புவதாகவும், மிச்சத் தொகையைச் சரக்கை எடுக்க வரும் தம் முகவரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பிவிடும்படியும் ஒருவர் சொன்னார். வெளிநாட்டில் இருப்பவருக்குச் சென்னையில் சரக்கு எடுக்க ஒரு முகவரும், அவருக்கு ஒரு யுபிஐ எண்ணும் அமைந்திருப்பதே என்னை யோசிக்க வைத்தது. கூடுதலாக வந்த தொகையைத் திருப்ப வேண்டுமானால், வந்த கணக்குக்கே, வங்கி வழியாகவே திருப்ப முடியும் என்று எழுதினேன். பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை.

இவற்றை விட நுட்பமானது, பணம் உண்மையாகவே வந்து, அது வேறு ஒருவரிடமிருந்து திருடப்பட்டதாக இருப்பது. மோசடிப் புகார் எழுந்தால் கணக்கு முடக்கப்படலாம். வந்த பணம் திரும்பாது என்ற என் வாதம் அங்கே செல்லாது. இதற்காக இரண்டு கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறேன். பொருளைப் பெறுபவர் பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நண்பர் கணக்கிலிருந்தோ அலுவலகக் கணக்கிலிருந்தோ அனுப்புகிறேன் என்றால் ஏற்பதில்லை. பணம் வரவான பிறகும் ஏழு நாள் பொறுத்தே பொதியைக் கட்டுகிறேன். ஏழு நாள் என்பது நானாக வகுத்துக்கொண்ட கணக்கு, அதற்கு மேல் அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் தன் கணக்கிலிருந்து பணம் போனதை ஒருவர் கவனித்துப் புகார் செய்ய அந்த அவகாசமாவது வேண்டும் அல்லவா? நம் பக்கத்தில் பணத்தை இழந்துவிட்டால் இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும்.

வங்கி வழியின் உண்மையான குறை, நேர்மையான வாங்குபவருக்கே அது அச்சம் தருகிறது என்பது. முகம் தெரியாத ஒருவர், அயல்நாட்டுக் கணக்குக்கு முழுத்தொகையையும் முன்பணமாக அனுப்புங்கள் என்று கேட்டால் நானும் அனுப்ப மாட்டேன். மோசடிக்காரரும் அதைத்தான் கேட்பார். ஆகவே நம்பிக்கையை முதலில் நாம்தான் சம்பாதிக்க வேண்டும். அன்றைய தேதியையும் வாங்குபவர் பெயரையும் எழுதிய தாளைப் பாகத்தின் அருகில் வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறேன். வீடியோ அழைப்பில் பாகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறேன். விலைப்பட்டியலில் ஐ.இ.சி எண்ணையும் ஜி.எஸ்.டி எண்ணையும் குறிப்பிடுகிறேன். இரண்டையும் அரசு இணையதளங்களில் எவரும் சரிபார்க்கலாம். கணக்கு எண்ணை மின்னஞ்சலில் அனுப்பினாலும், அந்த அழைப்பிலேயே வாய்விட்டுப் படித்து ஒப்பிடச் சொல்கிறேன், ஏனெனில் இருவருக்கும் இடையிலுள்ள அஞ்சலுக்குள் புகுந்து கணக்கு எண்ணை மட்டும் மாற்றிவைக்கும் மோசடியும் நடக்கிறது. அதில் வாங்குபவர் பணத்தை இழப்பார், நாம் வாடிக்கையாளரை இழப்போம்.

இந்த உழைப்புக்கு எதிர்பாராத பலன் ஒன்றும் உண்டு. போலி வாங்குபவர்கள் வீடியோ அழைப்புக்கு வருவதில்லை. அவர்கள் எழுதும் கடிதத்தில் பாகத்தின் பெயரே இருக்காது. 'உங்கள் பொருள்' என்றும், நிலை எப்படி என்றும், கடைசி விலை என்ன என்றும் கேட்டுவிட்டு, பேரமே இல்லாமல் சம்மதித்துவிடுவார்கள். உண்மையில் வண்டி வைத்திருப்பவர் வேறு மாதிரி தொல்லை கொடுப்பார்: வார்ப்பு எண் என்ன, மரையின் அளவு என்ன, இடப்பக்கத்துக்கு உரியதா வலப்பக்கத்துக்கு உரியதா, நான்கு கதவு ஹெரால்டிலிருந்து கழற்றியதா? கடைசிக் கேள்வி வந்துவிட்டால் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். நான்கு கதவு ஹெரால்டு இங்கே மட்டுமே தயாரானது என்பதும், அதன் கதவுகள் தம் வண்டிக்கு ஒத்துவராது என்பதும் தெரிந்தவர் மட்டுமே அதைக் கேட்பார்.

எனினும் பேபாலை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. புதியவர் ஒருவர் முதன்முறை வாங்கும்போது, அறுபது பவுண்டுக்கு உட்பட்ட சிறு பாகமாக இருந்தால் அவ்வழியிலேயே பணத்தைப் பெறுகிறேன். போனாலும் தாங்கக்கூடிய தொகை அது. அந்தப் பொதி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டால், அடுத்த பெரிய பாகத்துக்கு அவரே வங்கி வழிக்கு வந்துவிடுகிறார். எந்த வழியில் பணம் வந்தாலும், இப்போது ஒவ்வொரு பாகத்தின் உட்புறத்திலும் கண்ணில் படாத இரண்டு இடங்களில் பெயின்ட் மார்க்கரால் குறியிட்டு, வார்ப்பு எண்ணோடு சேர்த்துப் படம் எடுத்த பிறகே பொதிகிறேன். எஞ்சின் பிளாக் போன்ற கனமான சரக்குக்கு உரிய ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கியே பொறுப்பேற்கும் கடன் உறுதிக் கடிதமே ஏற்றது என்பார்கள். நான் கையாண்டவை அனைத்தும் ஓர் ஆள் தூக்கக்கூடியவை என்பதால், அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

மாடியில் எஞ்சியிருக்கும் இரண்டு ஹெரால்டு கியர் பாக்ஸ்களில் ஒன்றுக்குச் சென்ற வாரம் ஒருவர் விலை பேசினார். இதற்கு முன் என்னிடம் ஒரு கதவுக் கைப்பிடியை மட்டும் வாங்கியவர். ஒவ்வொரு கியராகப் போட்டுத் தண்டைக் கையால் சுழற்றிக் காட்டும்படி கேட்டார். அரைமணி நேரம் காட்டினேன். முதல் கியருக்கு, கியர் எளிதாக விழ உதவும் சிங்க்ரோமெஷ் அமைப்பு கிடையாது, அது முரண்டு பிடித்தால் கவலை வேண்டாம் என்று அவரே எனக்குச் சொன்னார். பணம் நேற்று வரவாகியிருக்கிறது. பெட்டி அடுத்த வாரம்தான் கட்டப்படும்.