பிராஞ்ச் மாற்றினால் மறுபடி முழு பில்டா? சிகேஷ் 4 எப்படி இருக்கிறது

கிட்டிலிருந்து மூல நிரலை இழுத்து நாள்தோறும் கம்பைல் செய்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. ஒரு பிராஞ்சிலிருந்து இன்னொன்றுக்குப் போய், எதையும் தொடாமல் பழையதற்கே திரும்பினாலும் பில்டுக் கருவிகளான மேக்கும் நிஞ்ஜாவும் நூற்றுக்கணக்கான கோப்புகளை மறுபடி கம்பைல் செய்யத் தொடங்கிவிடும். கிட் ஒரு கோப்பை எழுதும்போது கமிட் தேதியைப் போடுவதில்லை. எழுதிய நேரமே கோப்பின் நேரமாகிறது. மேக் பார்ப்பதோ அந்த நேரத்தைத்தான். கம்பைல் செய்த முடிவுகளைச் சேமித்து வைத்து மீண்டும் தரும் கருவியான சிகேஷ் (ccache) உள்ளடக்கத்தைப் பார்க்கிறது. இதை நிறுவச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கம்பைலருக்கு முன்னால் நின்று மூலக் கோப்பு, அது இழுக்கும் ஹெடர்கள், கம்பைலர், ஃப்ளாக்குகள் எல்லாவற்றையும் சேர்த்து ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) எடுக்கிறது. அதே ஹாஷ் ஏற்கெனவே இருந்தால் கம்பைலரை ஓட்டாமல் பழைய ஆப்ஜெக்ட் கோப்பையே எடுத்துக் கொடுக்கிறது. இல்லையென்றால் கம்பைல் செய்து சேமிக்கிறது. அதனால் முதல் பில்டு சற்று மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து எடை போட வேண்டாம். கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்டில் 1000 கமிட்டுகளுக்குள் பிழையைத் தேட ஏறத்தாழ 10 பில்டுகள் தேவை. அதே பகுதியில் இரண்டாம் முறை தேடும்போதுதான் இதன் அருமை புரியும்.

பில்டை அமைக்கும் கருவிகளோடு இணைப்பது எளிது. மெசான், சிகேஷ் நிறுவப்பட்டிருந்தால் தானே எடுத்துக்கொள்ளும். சிமேக்கில் கம்பைலர் லாஞ்சர் மாறியை சி-க்கும் சி++-க்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும். ஒன்றை விட்டால் பாதி நிரல் கேஷுக்கு வெளியே போய்விடும். ஆட்டோடூல்ஸில் கன்ஃபிகர் ஓட்டும்போதே சிசி மாறிக்கு "சிகேஷ் ஜிசிசி" என்று கொடுக்கலாம். இரண்டு சொற்களாக இருப்பதால் சில ஸ்கிரிப்டுகள் குழம்பும். அப்போது டெபியன், உபுண்டு தரும், கம்பைலர் பெயரிலேயே சிகேஷைச் சுட்டும் சிம்லிங்க் டைரக்டரியை பாத் மாறியின் தொடக்கத்தில் வையுங்கள்.

உடனே மாற்ற வேண்டியது கேஷ் அளவு. தானாக இருப்பது 5 ஜிபி. டீபக் தகவலோடு எல்எல்விஎம் (கம்பைலர் கருவித் தொகுப்பு) போன்ற பெரிய திட்டத்தைக் கட்டினால் அது போதாது. பழையவை வெளியே தள்ளப்பட்டு, திரும்பி வரும்போது கேஷில் ஒன்றும் இருக்காது. 20 ஜிபியில் தொடங்குங்கள். 4.0 முதல் இசட்எஸ்டிடி முறையில் கோப்புகளைச் சுருக்குவது தானாகவே இயங்குவதால் அதே இடத்தில் நிறையவே கொள்ளும்.

இனி, பலர் "சிகேஷ் வேலை செய்யவில்லை" என்று கைவிடும் இடம். பல திட்டங்கள் கிட் டிஸ்கிரைப் தரும் பதிப்பு எண்ணைக் கம்பைலர் ஃப்ளாக்காகவே எல்லாக் கோப்புகளுக்கும் அனுப்புகின்றன. "2.4-17" என்றால் 2.4 டேகுக்குப் பின் 17 கமிட்டுகள். அதன் பின்னால் கமிட் ஹாஷ் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கமிட் சேர்ந்தால் 17 என்பது 18 ஆகும், ஃப்ளாக் மாறும், எல்லாக் கோப்பின் நேரடித் தேடலுக்கான ஹாஷும் மாறும். நீங்கள் தொட்டது ரீட்மீ கோப்பாக இருந்தாலும் சிகேஷ் எல்லாக் கோப்புகளுக்கும் ப்ரீபிராசஸரை (ஹெடர்களையும் மேக்ரோக்களையும் விரித்தெழுதும் முதல் கட்டம்) ஓட்டிப் பார்க்க வேண்டிவரும்; அந்த எண்ணைப் பயன்படுத்தும் கோப்புகள் கேஷிலிருந்து வராது. இது சிகேஷின் குறை அல்ல, ஃப்ளாக் மாறினால் அது அப்படித்தான் நடக்க வேண்டும். பதிப்பு எண்ணை ஒரே ஒரு சிறிய சி கோப்பில் வைத்து, மற்றவை அதை ஒரு ஃபங்ஷன் வழியாகக் கேட்கும்படி மாற்றுங்கள். பிறகு அந்த ஒரு கோப்பும் லிங்கும் மட்டுமே மீண்டும் நடக்கும். கம்பைல் நேரத்தைப் பதிக்கும் டைம் மேக்ரோவும் இதே சேதத்தைச் செய்யும், ஆனால் அது இருக்கும் கோப்புகளில் மட்டும்.

அடுத்தது வொர்க்ட்ரீ. ஒரே ரெப்போவை இரண்டு டைரக்டரிகளில் வைத்திருந்தால், டீபக் தகவலில் பாதை பதிவதால் ஒன்றின் கேஷ் மற்றொன்றுக்கு உதவாது. அமைப்புக் கோப்பில் பேஸ் டைரக்டரியை இரண்டுக்கும் பொதுவான மேல் டைரக்டரியாக வைத்து, ஹாஷ் டைரக்டரி அமைப்பை அணைத்தால் சரியாகும். விலை ஒன்று உண்டு: ஜிடிபி டீபக்கர் சிலசமயம் மற்ற வொர்க்ட்ரீயின் கோப்பைத் திறந்து காட்டும். டீபக்கர் அதிகம் பயன்படுத்துபவர்கள் அதற்குப் பதிலாக டீபக் பாதையை மாற்றியெழுதும் கம்பைலர் ஃப்ளாக்கைச் சேர்ப்பது நல்லது.

எங்கே தவறுகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. சிகேஷ் -இசட் கொடுத்து எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி, பில்டு முடிந்ததும் சிகேஷ் -எஸ் கொடுத்தால் எத்தனை கிடைத்தன, எத்தனை தவறின என்று காட்டும். அப்போதும் புரியாவிட்டால் சிகேஷின் டீபக் சூழல் மாறியை 1 ஆக்கி இரண்டு முறை கட்டுங்கள்; ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஹாஷில் எது சேர்ந்தது என்ற உரைக் கோப்பு கிடைக்கும். இரண்டையும் டிஃப் செய்தால் மாறிய வரி நேராகக் கண்ணில் படும். இந்த வசதிக்காகவே இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

லிங்க் செய்வதை இது கேஷ் செய்யாது. எல்டிஓ (லிங்க் நேரத்தில் நிரலைச் செம்மையாக்கும் முறை) வைத்துக் கட்டினால் கனமான வேலை லிங்க்கின்போதுதான் நடக்கும், ஆகவே பலன் குறைவு. ரஸ்ட் நிரல்களுக்கு மொசில்லாவின் எஸ்சிகேஷைப் (sccache) பாருங்கள்.