கவுன்ட்டி டேக்ஸ் ஆபீசும் கிளெய்ம் இட் டெக்சஸ் சைட்டும்: டெக்சஸ்ல வீடு வச்சிருக்கவங்க ஒரு தடவ படிச்சிருங்க

2025 மார்ச் ரெண்டாவது வாரம் எங்க மெயில்பாக்ஸ்ல ஒரு மஞ்ச கவர் கிடந்துச்சு. உங்க ப்ராப்பர்ட்டி டேக்ஸ் பாக்கிய நாங்க கட்டிடறோம், நீங்க எங்களுக்கு மாசாமாசம் கட்டுங்கன்னு ஏதோ ஒரு லோன் கம்பெனிக்காரன் அனுப்பியிருந்தான். வீட்டுக்காரர் ஸ்கேம்னு சொல்லி குப்பையில போடப் போயிட்டாரு. எனக்கு மனசு கேக்கல, பேரு அட்ரஸ் எல்லாம் சரியா இருக்கேன்னு கவுன்ட்டி டேக்ஸ் ஆபீஸ் சைட்ல போய் வீட்டு அட்ரஸ போட்டு தேடினேன் (லாகின் எதுவும் வேணாம், யார் வேணா பாக்கலாம்). டெலின்குவென்ட்னு (கெடு தாண்டியும் கட்டாத பாக்கி) இருக்கு. 2024 வருஷத்து டேக்ஸ் 8,412 டாலர், ஒரு டாலர் கூட கட்டாம அப்படியே நிக்குது. எனக்கு அடிவயித்துல புளியக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு.

எப்படி ஆச்சுன்னா, 2018ல டாலஸ் பக்கம் இந்த வீட்ட வாங்கினப்போ நாங்க அபார்ட்மென்ட்ல இருந்தோம், க்ளோசிங் பேப்பர்ல அந்த அபார்ட்மென்ட் அட்ரஸ்தான் மெயிலிங் அட்ரஸா ஏறியிருக்கு. லோன் இருந்த வரைக்கும் எஸ்க்ரோவுல இருந்து (லோன் தவணையோட சேர்த்து டேக்ஸுக்குன்னு பேங்க் எடுத்து வைக்கிற கணக்கு) பேங்க்காரனே டேக்ஸ கட்டிட்டான், நாங்க பில்லையே கண்ணால பாத்ததில்ல. கஷ்டப்பட்டு லோன முடிச்சோம், கேக் எல்லாம் வெட்டினோம், எஸ்க்ரோவும் அதோட மூடிடுச்சு, இனிமே டேக்ஸ் நம்ம தலையிலன்னு யாருக்கும் தோணல. பில்லு பழைய அபார்ட்மென்ட்டுக்குப் போயிருக்கு.

மறுநாள் லீவ் போட்டுட்டு கவுன்ட்டி டேக்ஸ் ஆபீஸுக்கு நேர்லயே போனேன். அந்த கவுன்ட்டர பத்திதான் முதல்ல சொல்லணும். டோக்கன் எடுத்து 25 நிமிஷம் உக்காந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வயசான அம்மா. எனக்கு பில்லே வரல, இந்த பெனால்டிய எடுத்து விடுங்கன்னு கேட்டேன். அந்தம்மா கோவப்படாம ஸ்க்ரீன என் பக்கம் திருப்பி காட்டுனாங்க. டெக்சஸ் சட்டப்படி பில் வரலங்கறது காரணமே கிடையாது, ஜனவரி 31க்குள்ள கட்டணும், பிப்ரவரி 1 ஆச்சுன்னா 7 பர்சென்ட், மார்ச்னா 9, அப்புறம் மாசத்துக்கு 2 ஏறி ஜூன்ல 15, ஜூலை 1 ஆனா 18க்கு தாவிடும், அதுக்கு மேல வக்கீல் கலெக்‌ஷன் ஃபீஸ்னு 20 பர்சென்ட் வரைக்கும் போடலாம். ஒரு மஞ்ச ஸ்டிக்கி பேப்பர்ல 9,169.08னு எழுதி கீழ மார்ச் 31னு ரெண்டு கோடு போட்டு என் கையில குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து கணக்கு போட்டு பாத்தேன், இதையே ஜூலை வரைக்கும் தெரியாம விட்டிருந்தா வக்கீல் ஃபீஸோட சேர்த்து 11,900 தாண்டியிருக்கும். அந்த ஸ்டிக்கி பேப்பர் இன்னும் எங்க ஃப்ரிட்ஜ்ல ஒட்டி இருக்கு.

கார்டுல கட்டினா தனியா ஃபீஸ் வரும், செக் குடுங்கன்னும் அவங்களேதான் சொன்னாங்க. அப்புறம் கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி, ஹோம்ஸ்டெட் போட்டீங்களான்னு. நான் முழிச்சேன். ஹோம்ஸ்டெட்னா ஒரு வரிச் சலுகை, நாம குடியிருக்கிற சொந்த வீடா இருந்தா ஸ்கூல் டேக்ஸ் கணக்குக்கு வீட்டு மதிப்புல ஒரு பெரிய தொகைய கழிச்சிடுவாங்க, 2023ல இருந்து அது 1,00,000 டாலர், 2025ல இருந்து 1,40,000. நாங்க ஏழு வருஷமா போடவே இல்ல! லேட்டா போட்டாலும் டேக்ஸ் டெலின்குவென்ட் ஆகுற தேதியில இருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் பின்னாடி போய் தருவாங்களாம், அதனால எங்களுக்கு 2023, 2024 ரெண்டும் கிடைச்சுது, ஒவ்வொரு வருஷத்துக்கும் ஆயிரத்துக்கு மேல ரீஃபண்ட். அதுக்கு முந்தின வருஷமெல்லாம் போச்சு, அத நினைச்சா இன்னும் வயிறு எரியுது. இதுக்கு அப்ளை பண்றதும் மெயிலிங் அட்ரஸ் மாத்துறதும் டேக்ஸ் ஆபீஸ்ல இல்ல, வீட்டு மதிப்ப போடற அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்ல. ரெண்டும் வேற வேற ஆபீஸ், நிறைய பேர் இதுல குழம்புறாங்க. டிரைவர் லைசென்ஸ்ல அந்த வீட்டு அட்ரஸ் இருக்கணும். ஃபார்முக்கு ஃபீஸ் கிடையாது, இத போட்டு தரேன்னு காசு கேட்டு வர்ற லெட்டர நம்பாதீங்க.

பக்கத்து கவுன்ட்டர்ல ஒரு பெரியவர், மொத்தமா கட்ட வழியில்ல போல. அவருக்கு இன்ஸ்டால்மென்ட் அக்ரிமென்ட் போட்டு குடுத்தாங்க. ஹோம்ஸ்டெட் இருக்கிற வீடா இருந்து, கடைசி ரெண்டு வருஷத்துல இந்த மாதிரி அக்ரிமென்ட் போடாம இருந்தா, நாம கேட்டாலே அவங்க குடுத்தாகணும், குறைஞ்சது 12 மாசம், அதிகபட்சம் 36 மாசம். 65 வயசு ஆனவங்க குடியிருக்கிற வீட்டு டேக்ஸ தள்ளியே வைக்கலாம், வட்டி மட்டும் ஓடும். இவ்வளவு வழிய கவுன்ட்டியே வச்சிருக்கும்போது அந்த மஞ்ச கவர் லோன்காரன்கிட்ட ஏன் போகணும் சொல்லுங்க.

கிளம்பும்போது அந்தம்மா, அட்ரஸ் இப்படி பழசா இருக்குன்னா வேற பணமும் எங்கயாவது மாட்டியிருக்கும், ஸ்டேட் சைட்ல உங்க பேர தேடிப் பாருங்கன்னு சொன்னாங்க. அதுதான் கிளெய்ம் இட் டெக்சஸ், ஸ்டேட் கம்ப்ட்ரோலர் ஆபீஸ் (ஸ்டேட்டோட வரவு செலவ பாத்துக்கற ஆபீஸ்) நடத்துறது. பழைய கரென்ட் டெபாசிட், வாங்காத சம்பள செக், மூடின பேங்க் அக்கவுன்ட், இன்சூரன்ஸ் பணம், இதெல்லாம் ஆள் கிடைக்கலன்னா கம்பெனிக்காரங்க ஸ்டேட்கிட்ட ஒப்படைச்சாகணும். அது நம்ம பணம், எத்தன வருஷம் ஆனாலும் கேக்கலாம், கேக்கறதுக்கு காசு கிடையாது.

இங்கதான் நம்ம ஆளுங்க கவனிக்கணும். முதல்ல என் பேர ஒழுங்கா போட்டு தேடினேன், ஒண்ணும் வரல. அப்புறம் யோசிச்சேன், நமக்கு ஏது லாஸ்ட் நேம், அப்பா பேரதான போட்டிருக்கோம். அப்பா பேர முன்னாடி போட்டு தேடினேன், ஒண்ணு வந்துச்சு. வீட்டுக்காரர் பேரு கடைசியில எம் வருமா என் வருமான்னு ரெண்டு விதமாவும், நடுவுல எச் போட்டும் போடாமலும், ஒரே பேர ரெண்டா பிரிச்சும் தேடினேன், இன்னும் ரெண்டு. விசா முத்திரையில எஃப்என்யூன்னு (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், அதாவது முதல் பேர் தெரியல) வாங்கிட்டு வந்தவங்க அதையும் முதல் பேரா போட்டு பாருங்க, எங்க ஃப்ரெண்டு ஒருத்தருக்கு அப்படித்தான் கிடைச்சுது. கல்யாணத்துக்கு முந்தின பேரு, இனிஷியல் மட்டும், எல்லாத்தையும் விடாம போட்டு பாருங்க, ஒரு ராத்திரி போகும் அவ்வளவுதான். வேற ஸ்டேட்ல இருந்து வந்தவங்க அந்த ஸ்டேட் சைட்லயும் பாக்கணும், இல்லன்னா மிஸ்ஸிங்மணி சைட்ல பல ஸ்டேட்ட ஒண்ணா தேடலாம். இன்னொரு விஷயம், டெக்சஸ்ல கவுன்ட்டி, சிட்டி, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் கையில இருக்கிற பணம் 100 டாலரோ அதுக்கு கம்மியோ இருந்தா அவங்களே வச்சுக்கலாம், ஸ்டேட்டுக்கு அனுப்ப வேணாம், அதனால கவுன்ட்டி லிஸ்ட்டையும் தனியா பாருங்க. டேக்ஸ ரெண்டு தடவ கட்டிட்டீங்கன்னா அந்த ரீஃபண்ட கட்டின தேதியில இருந்து மூணு வருஷத்துக்குள்ள கேட்டுடணும்.

எங்களுக்கு கரென்ட் டெபாசிட் 212 டாலரும், நான் முதல்ல வேல பாத்த இடத்துல கடைசி சம்பளம் 640 டாலரும் வந்துச்சு. ஐடி, சோஷியல் செக்யூரிட்டி, அப்புறம் அந்த பழைய அட்ரஸ்ல நாமதான் இருந்தோம்னு ஒரு ஆதாரம், எனக்கு பழைய டபிள்யூ-2 (வேல பாத்த இடத்துல குடுக்கற வருஷ சம்பள ஃபார்ம்) கை குடுத்துச்சு. அப்லோட் பண்ணி ஏழு வாரத்துல செக் வீட்டுக்கு வந்துடுச்சு. குறைன்னு சொன்னா, கிளெய்ம் எந்த நிலமையில இருக்குன்னு பாத்தா வாரக்கணக்கா ஒரே வரிதான் காட்டுது, அது கொஞ்சம் படுத்திடுச்சு.

இதுக்கு நடுவுல ஒரு கம்பெனியில இருந்து லெட்டர், உங்க பேர்ல பணம் இருக்கு, எங்கன்னு சொல்றோம், மூணுல ஒரு பங்கு எங்களுக்குன்னு. நான் ஏற்கனவே சைட்ல பாத்து வச்சிருந்த அதே 640 டாலர். டெக்சஸ்ல இந்த மாதிரி தேடித் தர்றவங்க 10 பர்சென்ட்டுக்கு மேல வாங்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு, அது தெரியாம எத்தன பேர் கையெழுத்து போட்டிருப்பாங்களோ. நாமளே பத்து நிமிஷத்துல பாக்கற விஷயத்துக்கு பங்கு எதுக்குங்க?

பாக்கி கட்டாமலே போயி கோர்ட் வழியா வீடு ஏலத்துக்கு வந்துட்டா (இங்க மாசத்தோட முதல் செவ்வாய்க்கிழமைதான் ஏலம்) அப்பவும் எல்லாம் போச்சுன்னு உக்காந்துடாதீங்க. டேக்ஸ், செலவு போக மிச்சம் இருந்தா அது கோர்ட்டோட டிஸ்ட்ரிக்ட் கிளர்க் கிட்ட இருக்கும், ஏலம் நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள கோர்ட்ல பெட்டிஷன் போட்டு கேக்கணும். மினசோட்டால ஹென்னபின் கவுன்ட்டியில ஜெரால்டின் டைலர்னு ஒரு பாட்டி, 15,000 டாலர் பாக்கிக்கு அவங்க காண்டோ வீட்ட கவுன்ட்டி எடுத்து 40,000க்கு வித்துட்டு மிச்சம் 25,000ஐ கவுன்ட்டியே வச்சுக்கிச்சு. 94 வயசுல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2023 மே மாசம் ஜெயிச்சாங்க, ஒன்பது ஜட்ஜும் ஒரே தீர்ப்பு, பாக்கிக்கு மேல எடுக்கறதுக்கு கவுன்ட்டிக்கு உரிமை இல்லன்னு. அத படிச்சப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

ஸ்டார் குடுக்கணும்னா கவுன்ட்டி கவுன்ட்டருக்கு அஞ்சுக்கு அஞ்சு, முக்கியமா ஹோம்ஸ்டெட் போட்டீங்களான்னு கேட்ட அந்த ஒரு கேள்விக்கு. கவுன்ட்டி சைட்டுக்கு மூணு, பாக்கி இருக்குன்னா ஒரு ஈமெயிலாவது அனுப்பியிருக்கலாம். கிளெய்ம் இட் டெக்சஸுக்கு நாலு. வீட்டுக்காரர் பேர்ல இருக்கிற மூணாவது ஐட்டம் இன்னும் பெண்டிங், 2011 அட்ரஸுக்கு ஆதாரம் கேக்கறாங்க, அந்த வருஷத்து லீஸ் பேப்பர தேடி ஆட்டிக்ல ஏறியிருக்காரு.