ஜாமர் டைனமோமீட்டர்: ஆக்குபேஷனல் தெரபிக்கு வருபவர்கள் வாங்க வேண்டிய கருவியா?

அன்றாட வேலைகளைத் தானே செய்ய நோயாளியைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில், குறிப்பாகக் கை மறுவாழ்வுப் பிரிவில் வேலை செய்யப் போகிறவர்கள் கட்டாயம் பழகியாக வேண்டிய கருவி ஜாமர் ஹைட்ராலிக் டைனமோமீட்டர். கையின் பிடி வலுவை அளப்பது இதன் வேலை. பிடியை அழுத்தினால் உள்ளே அடைத்திருக்கும் எண்ணெயின் அழுத்தம் டயலில் முள்ளை நகர்த்தும். அளவு 90 கிலோ (200 பவுண்டு) வரை போகும். முள் இரண்டு, ஒன்று உச்ச அளவிலேயே நின்றுவிடும் என்பதால், அழுத்தி முடித்த பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

தவறு நடக்கும் முதல் இடமும் அந்த முள்தான். ஒவ்வொரு முயற்சிக்கு முன்பும் குமிழைத் திருப்பி அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால், இரண்டாவது முறை குறைவாக அழுத்தியவருக்கும் முதல் முறையின் அளவே தெரியும். மூன்று முயற்சியும் ஒரே எண்ணாக வந்திருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கைப்பிடியை ஐந்து அகலங்களில் பொருத்தலாம். ஏறத்தாழ 35 மி.மீ.யில் தொடங்கி 87 மி.மீ. வரை. மற்றவர்களின் அளவோடு ஒப்பிடப் பொதுவாக எடுப்பது, குறுகிய பக்கத்திலிருந்து இரண்டாம் நிலை. 1985இல் ஆய்வாளர் மதியோவெட்ஸும் குழுவினரும் 20 முதல் 94 வயது வரையிலான 638 பேரை அளந்து வெளியிட்ட அமெரிக்கப் பிடி வலு அட்டவணையும் இரண்டாம் நிலையில் எடுத்ததுதான். வேறு நிலையில் அளந்துவிட்டு அந்த அட்டவணையோடு ஒப்பிட்டால் பொருளே இல்லை. கழற்றி மாட்டும்போது கைப்பிடி தலைகீழாகப் போய்விடாமலும் பார்க்க வேண்டும்.

அளக்கும் முறை இது. நாற்காலியில் நேராக உட்கார வைத்து, பாதம் தரையில் படிய வேண்டும். தோள் உடலை ஒட்டி, முழங்கை 90 டிகிரி மடங்கி, முன்கை கட்டைவிரல் மேலே பார்த்த நிலையில், மணிக்கட்டு புறங்கைப் பக்கம் 0 முதல் 30 டிகிரிக்குள் வளைந்து இருக்கட்டும். கருவி கனமானது. கீழே விழாதபடி உங்கள் கையால் லேசாகத் தாங்குங்கள், பட்டையையும் மணிக்கட்டில் மாட்டிவிடுங்கள். மூன்று முறை அழுத்தச் சொல்லி, இடையே ஓய்வு கொடுத்து, சராசரியைக் குறியுங்கள். "அழுத்துங்க, இன்னும், இன்னும்" என்று ஊக்கப்படுத்தும் சொல்லும் குரலின் உரமும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவரை உற்சாகப்படுத்தி இன்னொருவரிடம் மெல்லப் பேசினால் எண்ணே மாறிவிடும். அழுத்தும்போது கைப்பிடி நகர்வது போலவே தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பலர் "வேலை செய்யலையே" என்று பாதியில் விட்டுவிடுவார்கள்.

ஐந்து நிலைகளிலும் அளந்து வரைபடம் போட்டால், முழு முயற்சி எடுத்தவருக்கு நடுவில் உயர்ந்து இரு பக்கமும் இறங்கும் வளைவு வருவது வழக்கம். கோடு தட்டையாக இருந்தால் முயற்சி குறைவு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். வலு மிகக் குறைந்த கைக்கும், வலிக்குப் பயந்து இறுக்காத கைக்கும் தட்டைக் கோடு வரும். ஒருவரை நடிப்பவர் என்று முத்திரை குத்த அந்த வரைபடம் மட்டும் போதாது.

குறை என்றால், மெலிந்த பிடியை அளப்பதில்தான். டயலின் கிலோ வரிசையில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 2 கிலோ. முடக்குவாதத்தால் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) விரல் வளைந்தவர்களுக்கு முள் அசையாமலே இருக்கலாம். கடினமான உலோகப் பிடி வலியையும் தரும். அவர்களுக்குக் மெத்தென்ற காற்றுப் பையை அழுத்தி அளக்கும் 'பல்பு' வகைக் கருவி நல்லது. தசைநாண் தைத்த கை, சேர்ந்துகொண்டிருக்கும் எலும்பு முறிவு ஆகியவற்றில் அறுவை மருத்துவர் அனுமதிக்கும்வரை இதைத் தொடவே கூடாது.

எண்ணெய் கசிந்தால் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், நோயாளி பலவீனமாகிவிட்டார் என்று தவறாக நம்புவோம். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையும், கீழே விழுந்தால் உடனேயும் காலிபிரேஷன் (அளவு சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துச் சரிசெய்வது) வேண்டும். இடையில் சோதிக்க, கருவியை அசையாமல் பொருத்தி, கைப்பிடியின் நடுவில் பட்டை மாட்டி 10, 20, 30 கிலோ எடைகளைத் தொங்கவிட்டுப் படியுங்கள். பொருந்தாவிட்டால் பிரிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் அனுப்புங்கள். ஒரே நோயாளியை ஒவ்வொரு முறையும் ஒரே கருவியில் அளப்பதும் முக்கியம்.

மாணவர்கள் இதைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. கல்லூரிக் கருவியில் பழகி, அந்தப் பணத்தில் விரல் மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கும் நல்ல கோனியோமீட்டர் ஒன்று வாங்குங்கள். அது தினமும் கைக்கு வரும். தனியாகக் கை சிகிச்சை மையம் தொடங்கும்போது மட்டும் இதற்குச் செலவு செய்யலாம். அப்போதும் எண்ணுக்குப் பக்கத்தில், அந்தக் கையால் பாட்டில் மூடியைத் திறக்க முடிகிறதா, சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா என்பதையும் எழுதி வையுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் அடுத்து என்ன பயிற்சி கொடுப்பது என்பதை 24 கிலோ என்பது போன்ற வெறும் எண்ணால் மட்டும் முடிவு செய்ய முடியாது.