20 கிகாஹெர்ட்ஸ் சிப் லேசர் ஆஸிலேட்டர்: அளந்து பார்த்ததில்

ரேடார் ரிசீவர்களைச் சோதிக்கும் வேலைக்காக இந்த ஆஸிலேட்டரின் (சீரான அதிர்வெண்ணில் சிக்னலை உருவாக்கும் கருவி) முன்மாதிரி ஒன்றை வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். இவ்வளவு சுத்தமான 20 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை என் மேசையில் இதுவரை பார்த்ததில்லை.

வழக்கமாக 100 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் சிக்னலை 200 மடங்கு பெருக்கித்தான் இந்த அதிர்வெண்ணுக்கு வருவோம். பெருக்கினால் பேஸ் நாய்ஸும் (சிக்னல் அலையின் நேரத்தில் வரும் நுண்ணிய நடுக்கம்) கூடவே 46 டெசிபல் ஏறும். இதில் அப்படியே தலைகீழ். உள்ளே 1.2 டெராஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு சின்ன லேசர்கள், இரண்டும் ஒரே கேவிட்டியோடு (ஒளி முன்னும் பின்னும் எதிரொலிக்கும் அறை; அதன் நீளம்தான் லேசரின் அதிர்வெண்ணை நிலைநிறுத்தும்) பூட்டப்பட்டவை. கேவிட்டியின் நீளம் கொஞ்சம் மாறினாலும் இரண்டும் சேர்ந்தே நகரும்; இடைவெளி பெரிதாக அசையாது. அந்த இடைவெளியை, சிலிக்கன் நைட்ரைடு வளையத்தில் உருவாகும் ஃப்ரீக்வென்சி காம்ப் (சீப்பின் பற்களைப் போல சம இடைவெளியில் நிற்கும் ஒளி அதிர்வெண்களின் வரிசை) 60 ஆல் வகுத்து 20 கிகாஹெர்ட்ஸ் ஆக்குகிறது. மிச்சமுள்ள நடுக்கமும் 35 டெசிபலுக்கு மேல் குறைந்துவிடுகிறது.

அளப்பதற்குப் பொறுமை வேண்டும். பேஸ் நாய்ஸை அளக்கும் எங்கள் அனலைசரின் சொந்த நாய்ஸ் இதைவிட அதிகம் என்பதால் முதலில் திரையில் தெரிவது அனலைசரின் நாய்ஸ்தான். கிராஸ் கோரிலேஷனை (இரண்டு தனித்தனி அளவீடுகளை ஒப்பிட்டு, கருவியின் சொந்த நாய்ஸைச் சராசரியில் கழிக்கும் முறை) ஓடவிட்டுவிட்டு உட்கார்ந்தால், திரையில் நாய்ஸ் கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு மகிழ்ச்சி! இதே வகை அமைப்பில், கேரியரிலிருந்து (முதன்மை சிக்னல்) 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஹெர்ட்ஸுக்கு −135 டிபிசி (கேரியரோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு) பேஸ் நாய்ஸை எட்டியதாக அமெரிக்காவின் தேசிய தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் ஆய்வாளர்கள் 2024-ல் நேச்சர் இதழில் எழுதியிருந்தார்கள். அந்த எண்ணை வெறும் ஆய்வுக்கூடச் சாதனை என்று இனி நான் ஒதுக்க மாட்டேன்.

சரி, குறைகள். 'சிப்' என்று எழுதியிருந்தாலும் கேவிட்டி தனிக் கண்ணாடித் துண்டுதான், சுற்றிலும் கட்டுப்பாட்டு எலக்ட்ரானிக்ஸ் நிறைய. மேசையை விரலால் தட்டினாலே கேரியருக்குப் பக்கத்தில் கோடு துள்ளுகிறது. பெட்டிக்குள் இருக்கும் மின்விசிறியே ஸ்பர்களை (தேவையற்ற கூர்முனை சிக்னல்கள்) கிளப்புகிறது; இவ்வளவு நுட்பமான கருவிக்கு அதை வைத்திருக்கவே கூடாது. அறையின் வெப்பம் சட்டென்று மாறினால் காம்ப் அணைந்துபோய், எல்லாவற்றையும் மறுபடி பூட்ட வேண்டியிருக்கிறது. அப்புறம், இதைக் கடிகாரமாக நினைத்துவிடாதீர்கள். மணிக்கணக்கில் பார்த்தால் அதிர்வெண் நகரும், அதற்கு ஜிபிஎஸ் அல்லது ருபிடியம் அணுக் கடிகாரத்தின் துணை தேவை.

ரேடார், அதிவேக ஏடிசி (அனலாக் சிக்னலை டிஜிட்டலாக மாற்றும் சுற்று) சோதனை செய்பவர்கள் தாராளமாக வாங்கலாம். வாகனத்திலோ விமானத்திலோ பொருத்த நினைப்பவர்கள், அதிர்வில் எடுத்த பேஸ் நாய்ஸ் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு ஆர்டர் கொடுங்கள்.