ஷோத்கங்கா: இசைத்துறை ஆசிரியருக்கு எதில் கை கொடுக்கும், எதில் கை விரிக்கும்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் இணையக் காப்பகமான ஷோத்கங்காவை உட்கார்ந்து படிக்கும் நூலகம் என்று எண்ணிப் போகிற இசைத்துறை ஆசிரியருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். யார், எந்தப் பல்கலைக்கழகத்தில், எவருடைய வழிகாட்டுதலில், என்ன தலைப்பில் பிஎச்.டி. முடித்தார் என்று பார்க்கும் பதிவேடாக எடுத்துக்கொண்டால், நம் நாட்டில் அதற்கு ஈடாக வேறொன்று கிடையாது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் இதை நடத்துகிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள், கட்டணம் இல்லாமல். புதிய மாணவரின் தலைப்பை ஆய்வுக்குழுவுக்கு அனுப்புமுன் அரை மணி நேரம் இதில் செலவழிக்காத நெறியாளர், பின்னால் வாய்மொழித் தேர்வில் அதற்கு விலை கொடுப்பார்.

முதலில் இதன் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வேட்டின் மின்படியைக் கட்டாயமாக்கியது 2009ஆம் ஆண்டு யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. 2016, 2022 விதிகளிலும் அது தொடர்கிறது. அதற்கு முந்தைய ஆய்வேடு, அந்தப் பல்கலைக்கழகமே மனம் வைத்து ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால்தான் உண்டு. ஆகவே 1980களில் பண்ணாராய்ச்சியில் யாரும் இறங்கவில்லை என்று ஷோத்கங்காவை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் காலத்துக்குப் பல்கலைக்கழக நூலகத்தின் அட்டைப் பெட்டியும் துறை அலமாரியும்தான் சாட்சி. எம்.பில். ஆய்வேடுகளையும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இசைத்துறைகளில் நல்ல களப்பணி நிறைய எம்.பில். ஆய்வேடுகளில்தான் முடங்கிக் கிடக்கிறது. 2022 விதியோடு அந்தப் பட்டமே நின்றுவிட்டது.

தேடுவதில் வரும் சிக்கல் முழுக்க எழுத்துக்கூட்டல் சிக்கல். ஒரே கருவி நாகஸ்வரம், நாதஸ்வரம், நாகசுரம் என்று மூன்று பெயரில் வரும். அவை ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். தீட்சிதர் என்ற பெயரை டி-யில் தொடங்கி ஒற்றை ஐ, இரட்டை ஈ, எச் சேர்த்து, எச் இல்லாமல் என்று எத்தனை வகையில் எழுதலாமோ அத்தனையும் உண்டு. ஆபிரகாம் பண்டிதரின் 1917ஆம் ஆண்டு நூலான கருணாமிர்த சாகரத்தைத் தேடினால், அமிர்தம் ஒருவரிடம் அம்ருதமாகியிருக்கும், சாகரம் இன்னொருவரிடம் சகரமாகியிருக்கும். தமிழில் எழுதிய ஆய்வேட்டின் தலைப்பைச் சிலர் தமிழிலும், சிலர் ஆங்கில எழுத்திலும், சிலர் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் பதிந்திருப்பார்கள். ஒரு சொல்லைத் தட்டிவிட்டு ஒன்றும் வரவில்லை என்று முடிவு கட்டுவது ஆபத்து.

இதற்குச் சுற்றுவழி உண்டு. சொல்லைத் தேடாமல், பல்கலைக்கழகத்தைத் தேர்ந்து, அதற்குள் துறையைத் திறந்து, ஆண்டு வரிசையில் தலைப்புகளை மேலிருந்து கீழே கண்ணால் பார்ப்பதுதான் நம்பகமான வழி. துறையின் பெயரும் ஊருக்கு ஊர் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அது இந்திய இசைத்துறை. மற்ற இடங்களில் இசைத்துறை, நுண்கலைப் புலம், நிகழ்த்துகலைத் துறை என்று பலவாறாக இருக்கும். நாட்டுப்புற இசை பற்றிய ஆய்வு தமிழ்த்துறையிலும் நாட்டார் வழக்காற்றியலிலும் ஒளிந்திருக்கும். கோயில் இசைக் கல்வெட்டு என்றால் வரலாற்றுத்துறை. சென்னை, அண்ணாமலை, தமிழ்ப் பல்கலைக்கழகம், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு கேரளம், மைசூர், ஆந்திரம், தில்லி ஆகியவற்றையும் பார்த்தால்தான் கர்நாடக இசைக்கான தேடல் ஓரளவு முழுமை பெறும்.

ஆய்வேடு ஒரே கோப்பாக வராது. 01 என்று தொடங்குவது தலைப்புப் பக்கம், அடுத்து முன்பக்கங்கள், பொருளடக்கம், சுருக்கம், பிறகு இயல் இயலாகப் பிடிஎஃப். கடைசியில் 80 என்று தொடங்கும் கோப்பு ஒன்று இருக்கும். பலர் இதைத் திறப்பதே இல்லை. தலைப்புப் பக்கமும் முடிவுரையும் சேர்ந்தது அது. ஓர் ஆய்வேடு நமக்குத் தேவையா என்று இரண்டு நிமிடத்தில் தெரிய வேண்டுமானால், பொருளடக்கத்தையும் 80ஐயும் மட்டும் திறந்தால் போதும். மேற்கோள் காட்டும்போது உலாவியில் தெரியும் நீள முகவரியை எடுக்காமல், 10603 என்ற எண் வரும் நிலையான முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தை மாற்றி அமைத்தாலும் அது செத்துப்போகாது.

எழுத்துருவும் ஸ்வரக்குறிப்பும்

தமிழில் எழுதிய இசை ஆய்வேடுகள் கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாமல் போவது இங்கேதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேடு திரையில் அழகாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பிடிஎஃபிலிருந்து "தமிழ்" என்ற சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழும். தேடுபொறிக்கும் அதுதான் தெரியும். அந்த ஆய்வேட்டுக்குள் எந்த ராகத்தின் பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

சரி, யூனிகோடுக்கு மாற்றிவிடலாமே என்றால், இசைக்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பள்ளம் காத்திருக்கிறது. ஸ்வரக்குறிப்பில் காற்புள்ளி ஓர் அட்சரக் கார்வை, அதாவது ஸ்வரத்தை ஒரு தாள எண்ணிக்கை நீட்டுவது. அரைப்புள்ளி இரண்டு அட்சரம். பாமினியில் காற்புள்ளி விசை "இ" என்ற எழுத்து, அரைப்புள்ளி விசை மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி. தட்டச்சர் கார்வைக் குறிகளை மட்டும் வேறு எழுத்துருவுக்கு மாற்றி அடித்திருப்பார். யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளான மாற்றிக்கு அது தெரியாது. கோப்பு முழுவதையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். விளைவு, ஸட்ஜத்துக்குப் பின்னால் நின்ற கார்வை "இ" ஆகிவிடும். "ரி"க்குப் பின்னால் ஒரு தனிப்புள்ளி அனாதையாக நிற்கும். தாளக்கணக்கு மொத்தமும் போச்சு. ஆகவே ஸ்வரப் பகுதிகளைத் தனிக் கோப்பாகப் பிரித்துவிட்டு, உரைநடையை மட்டும் மாற்றியில் கொடுக்க வேண்டும். ஸ்வரங்களை யூனிகோடில் திரும்பத் தட்டச்சு செய்வதுதான் வழி. குறுக்குவழி இல்லை.

தார ஸ்தாயிக்கு மேற்புள்ளி, மந்திர ஸ்தாயிக்குக் கீழ்ப்புள்ளி, இரண்டாம் காலத்துக்கு மேலே ஒரு கோடு, மூன்றாம் காலத்துக்கு இரண்டு. இவற்றைத் தமிழ் எழுத்தின் மேல் வைப்பதும் லேசில்லை. இணைப்புப் புள்ளிகளை நேரடியாகச் சேர்த்தால் பல எழுத்துருக்களில் புள்ளி நகர்ந்துபோகும், இல்லையென்றால் வட்டமான புள்ளிக்கோடு முளைக்கும். லிப்ரே ஆபீஸில் எழுத்து விளைவுகளுக்குள் மேற்கோடு வசதி நேரடியாக உண்டு. எம்.எஸ். வேர்டில் மேற்கோட்டுக்குப் பொத்தான் கிடையாது. சமன்பாட்டுப் புலம் வழியாகத்தான் போட வேண்டும். பத்து உருப்படிக்கு மேல் இருந்தால் கட்டம் போட்ட அட்டவணையே மேல்: நடு வரிசையில் ஸ்வரம், மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் புள்ளி, அதற்கடியில் சாகித்தியம் (பாடல் வரி). ஆதி தாளத்துக்கு ஒரு வரியில் எட்டுக் கட்டம், தாளத்தின் அங்கம் (பகுதி) முடியும் இடத்தில் தடித்த கோடு. பார்க்க வங்கிப் படிவம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் எந்தக் கணினியில் திறந்தாலும் கலையாது.

ஏற்றுமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்று. முடிந்த பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியும் ஓர் ஆவர்த்தனமும் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். "கொ" என்ற எழுத்து கொம்பு, க, கால் என்று மூன்றாகச் சிதறி வந்தால் பிடிஎஃப் எடுத்த விதம் சரியில்லை. வேறு வழியில் எடுங்கள். கோப்புக்குக் கடவுச்சொல் பூட்டும் போடக்கூடாது.

ஒப்புமை விழுக்காடு

ஷோத்கங்காவோடு ஒட்டிய இன்னொரு திட்டம் ஷோத்சுத்தி; பிறர் எழுத்தோடு ஆய்வேடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் மென்பொருளைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுப்பது இது. 2019இல் தொடங்கியது, இப்போது டிரில்பிட் மென்பொருளைத் தருகிறது. 2018 யூஜிசி விதிப்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியைக் கொடுக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவு ரத்து.

இசை ஆய்வேட்டில் இந்த எண் இரண்டு பக்கமும் பொய் சொல்லும். ஐம்பது கீர்த்தனைகளின் சாகித்தியத்தை இயலுக்குள் முழுமையாகக் கொடுத்தால், அவை நூறு இணையதளங்களில் இருப்பவை என்பதால் ஒப்புமை சரசரவென்று ஏறும். மாணவர் எதையும் திருடவில்லை. சாகித்தியத்தைப் பின்னிணைப்புக்கு நகர்த்தி, இயலில் ஆய்வுக்குத் தேவையான வரியை மட்டும் மேற்கோள் குறிக்குள் மூலத்தோடு கொடுங்கள். சோதனையின்போது மேற்கோள், துணைநூற்பட்டியல் இரண்டையும் விலக்கும் தெரிவு போடப்பட்டிருக்கிறதா என்று நூலகரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பொதுவறிவான சொற்றொடர்களில் தொடர்ந்து 14 சொற்கள் வரை விலக்கு உண்டு என்பதும் விதியிலேயே இருக்கிறது. 72 மேளகர்த்தாக்களின் (தாய் ராகங்களின்) பெயர்ப்பட்டியலை யார் எழுதினாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று ஆய்வுக்குழுவில் வாதாட நேரும்போது இது ஓரளவு கை கொடுக்கும்.

மறுபக்கம் இதைவிட மோசம். இன்னொருவர் செய்த ஸ்வரப்படுத்தலைப் படமாக வெட்டி ஒட்டினால் மென்பொருளுக்கு அது வெறும் படம். எழுத்தாகவே இருந்தாலும், ஏழு எழுத்துகளின் வரிசையை வைத்து இது யாருடைய பாடாந்தரம் (பாடும் முறை) என்று அதற்குத் தெரியாது. சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியின் தெலுங்கு எழுத்து ஸ்வரக்குறிப்பைத் தமிழில் மாற்றி எழுதி, "ஆய்வாளரின் ஸ்வரப்படுத்தல்" என்று போட்டால் ஒப்புமை சுழியம்தான் காட்டும். இதை நெறியாளர் கண்ணும் காதும்தான் பிடிக்க வேண்டும். சான்றிதழில் 4 விழுக்காடு என்று வந்ததும் கையெழுத்துப் போடும் பழக்கம் இசைத்துறைக்கு ஒத்துவராது.

ஒலி

மனோதர்மம் (பாடும்போதே கற்பனையாக விரித்துப் பாடுவது) பற்றிய ஆய்வேட்டுக்கு ஒலிப்பதிவுதான் உயிர். அட்டையின் உட்புறத்தில் ஒட்டிய குறுந்தகடு ஷோத்கங்காவுக்குப் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. "தடம் 7 கேட்க" என்ற குறிப்பு மட்டும் பிடிஎஃபில் நிற்கும். ஆய்வாளர் தாமே பாடிக் காட்டும் எடுத்துக்காட்டுகளை நிலையான இணையக் காப்பகத்தில் ஏற்றி, அடிக்குறிப்பில் முகவரியும் நிமிடக் கணக்கும் கொடுப்பது நல்லது. பிறர் கச்சேரியை ஏற்றுவது வேறு விஷயம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை, நிகழ்த்துநருக்கு 50 ஆண்டு. மும்மூர்த்திகள் கிருதியாக இருந்தாலும் பாடியவரின் உரிமை தனி. இயற்றியவருக்கு மறைவுக்குப் பின் 60 ஆண்டு. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. பின்னிணைப்பில் முழுப் பாடலாக அடுக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

அலுவலகக் கணக்கு

பதவி உயர்வுக் கோப்புக்கு ஷோத்கங்கா உண்மையிலேயே பயன்படுகிறது. ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு பற்றிய 2018 யூஜிசி விதிப்படி, பட்டம் பெற்ற ஒவ்வொரு பிஎச்.டி. மாணவருக்கும் நெறியாளருக்கு 10 புள்ளி, சமர்ப்பித்ததற்கு 5. அந்த நிலையான முகவரியைச் சான்றோடு வைத்தால் கேள்வி குறையும். புறத்தேர்வாளர் பட்டியல் தயாரிக்கும்போது, நெறியாளர் பெயரை வைத்துத் தேடி அவர் அந்தத் துறையில் ஏற்கெனவே வழிகாட்டியிருக்கிறாரா என்று பார்த்துவிடலாம். இதழ் விஷயத்தில் மட்டும் பழைய சுற்றறிக்கையை நம்பாதீர்கள். 2022 விதி ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் யூஜிசி-கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். உங்கள் பல்கலைக்கழகம் தனக்கென்று விதி வைத்திருக்கலாம்; அதை ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏற்றிய பிறகு நெறியாளர் பெயரிலோ துறையிலோ பிழை தெரிந்தால் இன்ஃப்லிப்நெட்டுக்கு நேராக எழுதுவதைவிட, பல்கலைக்கழகத்தின் ஷோத்கங்கா ஒருங்கிணைப்பாளரிடம் போவதுதான் வேகமான வழி. பெரும்பாலும் அவர் நூலகர்தான். முகவரி எண், இப்போது இருக்கும் பதிவு, இருக்க வேண்டிய பதிவு, தலைப்புப் பக்க நகல் ஆகிய நான்கையும் ஒரே தாளில் கொடுங்கள். கூடவே முக்கியச் சொற்கள் பகுதியையும் திறந்து பார்த்து, ராகம், கருவி, வாக்கேயக்காரர் (பாடலும் இசையும் இயற்றியவர்) பெயர்களைத் தமிழிலும், ஆங்கிலத்தில் வழக்கமான இரண்டு எழுத்துக்கூட்டலிலும் சேர்க்கச் சொல்லுங்கள்.